மறுமொழி: ‘பொய்ப்பிக்கத்தக்கமை’ வேண்டாம், ‘பொய்ப்பிடமுடைமை’ கொள்ளலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரு கொள்கை தவறாக இருந்தால் அதைச் சோதனை காட்டிக்கொடுக்கக்கூடிய தன்மையை ‘ஃபால்சிஃபையபிலிட்டி’ என்பார்கள். நம் கலைச்சொற்பட்டியலுக்காக அதற்கு இதுவரை முன்மொழியப்பட்ட சொற்களுள் ‘பொய்ப்பிக்கத்தக்கமை’ என்பதற்கே ஆதரவு மிகுதியாக இருக்கிறது. அடுத்த ஞாயிறன்று பெங்களூர் அல்சூரில் கூடும்போது சொற்பட்டியலில் அது ஏறிவிடக்கூடும் என்பதால், என் மறுப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். மறுப்பு ‘பொய்’ என்னும் வேரின்மீது அன்று. ‘தக்க’ என்னும் பின்னொட்டின்மீது.

தமிழில் ‘தக்க’ என்பது ஒன்றைச் செய்ய முடியும் என்பதை மட்டும் சொல்லி நின்றுவிடுவதில்லை. அதைச் செய்வது தகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. கண்டிக்கத்தக்க பேச்சு என்றால் கண்டிக்க முடிகிற பேச்சு என்று எவரும் பொருள் கொள்வதில்லை. கண்டித்தே ஆகவேண்டிய பேச்சு என்றுதான் கொள்கிறோம். பாராட்டத்தக்க, வெறுக்கத்தக்க, நம்பத்தக்க என்பனவும் அவ்வாறே. ஆகவே ‘ஐன்ஸ்டைனின் கொள்கை பொய்ப்பிக்கத்தக்கது’ என்று எழுதினால், அறிவியல் மெய்யியலில் பழக்கமில்லாத வாசகர் அதை ஐன்ஸ்டைனுக்கு விழுந்த அடி என்றே எடுத்துக்கொள்வார். இக்கருத்தை முன்வைத்த மெய்யியலர் கார்ல் பாப்பரோ அதைப் புகழ்ச்சியாகச் சொன்னார். புகழ்ச்சியை வசையாக்கிவிடும் சொல், இலக்கணப்படி எவ்வளவு சரியாக அமைந்திருந்தாலும், கலைச்சொல்லாக நிற்காது. ‘மறுக்கத்தக்கமை’க்கும் இதே குறை உண்டு, அதைத் தனியே பேச வேண்டியதில்லை.

அது ஏன் புகழ்ச்சி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1953இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையொன்றில், அறிவியலையும் அறிவியல் அல்லாததையும் பிரிக்கும் இந்த அளவுகோலுக்கான எண்ணம் 1919இல் வியன்னாவில் தமக்குத் தோன்றியது என்கிறார் பாப்பர். அவ்வாண்டு மே 29 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் விண்மீன் ஒளி ஐன்ஸ்டைன் கணித்த 1.75 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அளவுக்கு வளைகிறதா என்று ஆங்கில வானியலர் எடிங்டனின் குழுவினர் படமெடுத்து அளந்தனர். வளைவே இல்லாதிருந்தால் கொள்கை விழுந்திருக்கும். விழக்கூடும் என்று தெரிந்தே அது தன் கணிப்பை எண்ணில் சொல்லி வைத்திருந்தது. அதே காலத்தில், வியன்னாவில், பாப்பர் உளவியலர் ஆல்ஃபிரட் அட்லரோடு பணி செய்துகொண்டிருந்தார். அட்லரின் கொள்கைக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்று தாம் எண்ணிய ஒரு குழந்தையின் நிலையை அவரிடம் எடுத்துச் சொன்னபோது, குழந்தையைப் பார்க்காமலேயே தாழ்வுணர்ச்சியைக் கொண்டு அட்லர் அதை விளக்கிவிட்டாராம். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டதற்கு, ஆயிரம் முறை கண்ட அனுபவம் என்றாராம். இந்தக் குழந்தையோடு ஆயிரத்தொன்று ஆகியிருக்கும் என்றாராம் பாப்பர். பதினேழு வயதின் துடுக்குதான். ஆனாலும் நோயாளியின் ஆழ்மனத்தைப் பேச்சின்வழி ஆராயும் ஃபிராய்டின் முறையான உளப்பகுப்பாய்வின்மீது பின்னாளில் அவர் வைத்த குற்றச்சாட்டு முழுவதும் அந்தத் துடுக்கிலேயே அடங்கியிருக்கிறது. குழந்தையைக் கொல்லும் நோக்கத்தோடு தண்ணீரில் தள்ளுபவனையும், அக்குழந்தையைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுப்பவனையும் ஃபிராய்டின் கொள்கை ஒரே எளிமையோடு விளக்கிவிடுகிறது, அட்லரின் கொள்கையும் விளக்கிவிடுகிறது என்றால், எந்த நடத்தையைக் கண்டு அவை திகைத்து நிற்கும் என்பதே அவர் கேள்வி.

இனி வேரைப் பற்றி. ‘பொய்’ என்றாலே ஏமாற்று என்ற பொருள் வந்துவிடும், ஃபிராய்டைப் பொய்யர் என்று சொன்னதாக ஆகிவிடும் என்று மல்லேசுவரத்து நண்பர் எழுதியிருந்தார். பாப்பர் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை என்பது உண்மை. ஃபிராய்டும் அட்லரும் சொன்னவற்றுள் பல முக்கியமானவை, சோதனைக்கு உட்படும் உளவியலில் என்றாவது அவை இடம்பெறக்கூடும் என்றுகூட அதே உரையில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பெயர்ச்சொல்லான ‘பொய்’ வேறு, வினையான ‘பொய்த்தல்’ வேறு. மழை பொய்த்தது என்கிறோம். மழை எவரையும் ஏமாற்றவில்லை, எதிர்பார்த்தது நடக்கவில்லை, அவ்வளவே. ‘விண்இன்று பொய்ப்பின்’ என்று குறளிலேயே இப்பொருள் இருக்கிறது. கணிப்புப் பொய்த்தது என்பது இன்றைய நாளிதழ் நடை. ‘நாளை இங்கே மழை பெய்யும், அல்லது பெய்யாது’ என்னும் கூற்று அனுபவ அறிவியலில் சேராது, ‘நாளை இங்கே மழை பெய்யும்’ என்பது சேரும் என்று 1934இல் வெளிவந்த தம் முதல் நூலிலேயே பாப்பர் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஏப்ரல் மாலைகளில் குடையோடு கிளம்பலாமா என்று கைப்பேசியைப் பார்க்கும் பெங்களூர்வாசிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பாப்பர் மழையைக் கொண்டு விளக்கிய கருத்துக்கு, மழையோடு ஈராயிரம் ஆண்டு பழகிய வினை நம்மிடம் இருக்கும்போது, அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு இது. ஒரு கொள்கை எந்த நிகழ்ச்சியைக் கண்டால் பொய்க்குமோ அந்த நிகழ்ச்சியைப் ‘பொய்ப்பிடம்’ என்போம். பாப்பர் இதற்கெனத் தனிச்சொல் வைத்திருக்கிறார். நம் பட்டியலில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அத்தகைய இடங்கள் ஒரு கொள்கைக்கு இருப்பது ‘பொய்ப்பிடமுடைமை’, இல்லாதிருப்பது ‘பொய்ப்பிடமின்மை’. அன்புடைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை என்று நற்பண்புகளையே ‘உடைமை’ என முடித்துக் கேட்ட காதுக்கு, இச்சொல்லைக் குறையாகக் கேட்கத் தோன்றாது. பொய்ப்பிடம் இருப்பது வேறு, உண்மையில் பொய்த்துப்போவது வேறு. பின்னதற்குப் ‘பொய்ப்பு’ போதும். சொல் நீளமாக இருக்கிறது என்பார்கள். நீளந்தான். ஆனால் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் பேச்சில் உள்ள சொல்லாக இருக்கிறது.

ஒரு கலைச்சொல்லைப் பாப்பரின் வாக்கியத்தில் மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு ஏற்பது போதாது. அவரை மறுத்தவரின் வாக்கியத்திலும் அது குழப்பமின்றி உட்கார வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து மெய்யியலர் அடால்ஃப் க்ரூன்பாம் 1984இல் வெளியிட்ட நூலில், ஃபிராய்டின் கொள்கைக்குப் பொய்ப்பிடம் இல்லை என்பதே தவறு என்று வாதிடுகிறார். பிறர் தன்னைத் துன்புறுத்தச் சூழ்கின்றனர் என்று நம்பும் பாரனோயா நோய்க்கு, ஒடுக்கப்பட்ட ஒருபால் விருப்பம் இன்றியமையாத காரணம் என்றார் ஃபிராய்டு. அப்படியானால் ஒருபால் விருப்பத்தின்மீது சமூகம் வைத்திருக்கும் தடை தளரத் தளர அந்நோயும் குறைய வேண்டும். குறையாவிட்டால் அங்கே ஒரு பொய்ப்பிடம். 1897இல், சிறுவயதுப் பாலியல் வன்முறையே நரம்புநோய்க்குக் காரணம் என்ற தம் கொள்கையை ஃபிராய்டு தாமே கைவிட்டார். 1915இல் பாரனோயா பற்றிய தம் கொள்கைக்கு மாறாகத் தோன்றிய ஒரு பெண்ணின் நிலையை, மாறாகத் தோன்றுகிறது என்று தலைப்பிலேயே சொல்லி வெளியிட்டார்.

இந்தக் கடைசி எடுத்துக்காட்டில்தான் எனக்குச் சிறிது தயக்கம். அப்பெண் தன்னைத் துன்புறுத்துவதாகச் சொன்னது ஓர் ஆணை. கொள்கைப்படி அது பெண்ணாக இருந்திருக்க வேண்டும். ஃபிராய்டு இரண்டாம் முறை அவரைச் சந்தித்துப் பேசியபோது, அந்த ஆணுக்கு முன்பே அலுவலகத்து மேலாளரான முதிய பெண்மணி ஒருவர் அப்பெண்ணின் மனத்தில் துன்புறுத்துபவராக இருந்தது தெரியவர, கொள்கை பிழைத்துக்கொண்டது. க்ரூன்பாம் இதைப் பொய்ப்பிடத்தை ஃபிராய்டு ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் காண்கிறார். பாப்பரின் கட்சியினர் இதையே தப்பித்துக்கொள்வதற்குச் சான்றாகக் காண்பார்கள். இருவரும் பேசுவது ஒரே பொருளையன்று. கொள்கைக்குப் பொய்ப்பிடம் உண்டா என்பது கூற்றுகளுக்கிடையே உள்ள தருக்க உறவு. அந்த இடம் வந்தபோது கொள்கையை உடையவர் என்ன செய்தார் என்பது ஒழுகலாறு. பாப்பர் இரண்டையும் பிரித்தே எழுதியிருக்கிறார், ஆனால் உளப்பகுப்பாய்வைப் பேசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவிவிடுகிறார் என்பது என் எண்ணம். நம் சொற்களாவது இவற்றைத் தனித்தனியே வைத்திருக்கட்டும். கொள்கையைக் காப்பதற்கென்றே பின்னிருந்து கொண்டுவந்து நிறுத்தும் துணைக்கருத்துக்கு ‘முட்டுக்கருதுகோள்’ என்று பரிந்துரைக்கிறேன். ‘சப்பைக்கட்டு’ இன்னும் பொருத்தமானது. பட்டியலைத் திருத்துபவர்கள் ஏற்கமாட்டார்கள்.

ஃபிராய்டின் முறையைக் குறிக்கும் ‘சைக்கோஅனாலிசிஸ்’ என்பதற்கு ‘உளப்பகுப்பியல்’ என்பதையும் விட்டுவிடலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் என்னும் வரிசையில் அதை நிறுத்திவிட்டு, அது அறிவியலா என்று கேட்பது வேடிக்கை. அரசியல், அழகியல் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் பள்ளிப் பாடநூல் பழக்கிய காது அவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் கேட்பதில்லை. நம்மைச் சுற்றியுள்ள கன்னடத்தில் உளவியல் ‘மனோவிஞ்ஞான’, ஃபிராய்டின் முறை ‘மனோவிஷ்லேஷணெ’. தீர்ப்பை முன்கூட்டியே சொல்லாமல் அச்சொல் ஒதுங்கி நிற்கிறது. நமக்கு ‘உளப்பகுப்பாய்வு’ போதும்.

மருத்துவ நண்பருக்கு ஒன்று. க்ரூன்பாம் ஃபிராய்டைக் காப்பாற்ற வந்தவர் அல்லர். பிறர்தம் மதமேற்கொண்டு களைதல் என்று நன்னூல் சொல்லும் முறையில், ஃபிராய்டின் மிக வலிய வாதத்தையே ஏற்றுக்கொண்டு தொடங்குகிறார். நோயாளிக்குத் தரும் விளக்கம் அவருள் உண்மையாக இருப்பதோடு பொருந்தினாலன்றி நோய் தீராது என்று 1917இல் அச்சான விரிவுரையில் ஃபிராய்டு சொன்னார். தீர்ந்தது என்பதே விளக்கம் சரி என்பதற்குச் சான்றாகிறது. ஆனால் சாதகமான சூழலில் தானாகவே விளையக்கூடிய நன்மையைத்தான் தம் சிகிச்சை விரைவுபடுத்துகிறது என்று 1926இல் அவரே எழுதிவிட்டதால், அந்தச் சான்று கையைவிட்டுப் போகிறது. போனபின், நோயாளி படுக்கையில் சொன்னவற்றுள் எவ்வளவு அவருடையது, எவ்வளவு மருத்துவரின் எதிர்பார்ப்பு அவருக்குள் ஊட்டியது என்று பிரிக்க வழியில்லை என்பதே க்ரூன்பாமின் இறுதிக் குற்றச்சாட்டு. பொய்ப்பிடம் இருக்கிறது, ஆனால் சான்று கலப்படமாகிவிட்டது என்கிறார். பாப்பர் சொன்னதைவிட இது கடுமையானது என்றே நான் கருதுகிறேன். அந்த ஊட்டலைக் குறிக்கும் ‘சஜஷன்’ என்பதற்கு நாம் இதுவரை ‘பரிந்துரை’ என்று போட்டிருக்கிறோம். அது மருந்துச்சீட்டை நினைவூட்டுகிறது. ‘கருத்தேற்றம்’ எப்படி இருக்கும் என்று ஓசூர் சாலைப் பக்கம் நோயாளிகளோடு தமிழில் பேசிப் பழகிய நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஞாயிறன்று வர இயலாவிட்டால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.