கேப் டவுனிலிருந்து சொந்த மோட்டார் சைக்கிளை விமானச் சரக்காகச் சென்னைக்குக் கொண்டுவருவது எப்படி?

நெடுவழியன்:
மொம்பாசா துறைமுகத்தில் இறக்கிய என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிளில் கென்யா, தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்திருக்கிறேன். பயணம் கேப் டவுனில் முடிகிறது. மும்பையில் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் வழங்கிய கார்னேயின் (வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாக வெளிநாடுகளுக்குக் கொண்டுசெல்ல உதவும் சுங்க ஏடு) ஓராண்டுக் காலம் முடியும் தறுவாயில் இருப்பதால், கப்பலுக்குக் காத்திராமல் விமானத்தில் அனுப்ப விரும்புகிறேன். கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள், வண்டியை எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும், சென்னையில் சுங்கவரி கேட்பார்களா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மீனம்பாக்கத்தார்:
விமானச் சரக்கில் உண்மையான எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் கிடைக்கும். வண்டியை அப்படியே நிறுத்தி 220 × 85 × 125 அளவில் பெட்டி அடித்தால் ஏறத்தாழ 390 கிலோவுக்குப் பணம் கட்ட நேரிடும். முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடிகள், காற்றுத் தடுப்பு, பக்கப்பெட்டிகள் ஆகியவற்றைக் கழற்றி உள்ளேயே கட்டிவைத்து 190 × 75 × 105 அளவுக்குச் சுருக்கினால் அது 250 கிலோவாகக் குறைகிறது. உங்கள் வண்டி பெட்ரோலுடன் 199 கிலோ. பெட்ரோலை வடித்துவிட்டுப் பெட்டியின் எடையைச் சேர்த்தால் 240 கிலோவை ஒட்டி வரும் என்பதால், அதற்கு மேலும் பிரித்துச் சுருக்குவதில் பயனில்லை. மரப்பெட்டி என்றால் வெப்பப் பதமோ புகையூட்டலோ செய்யப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பொதிகளுக்கான பன்னாட்டுத் தரம்) முத்திரை மரத்தில் இருக்க வேண்டும். இந்தியத் தாவரப் பாதுகாப்பு விதிகள் அதை வலியுறுத்துகின்றன. கேப் டவுனில் உள்ள மோட்டார் சைக்கிள் விற்பனையகங்களில் புதிய வண்டிகள் வந்த இரும்புச் சட்டங்கள் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். அவை கிடைத்தால் முத்திரைக் கவலையே இல்லை.

சரக்குப் பிரிவு:
மோட்டார் சைக்கிள், ஐ.நா. எண் 3166-இன் கீழ் ஒன்பதாம் வகுப்பு அபாயப் பொருளாகக் கருதப்படுகிறது. பெட்ரோலை இயன்றவரை முழுவதும் வடித்துவிட வேண்டும். பேட்டரி அசையாமல் பொருத்தப்பட்டு, அதன் முனைகள் ஒன்றோடொன்று தொடாதபடி காக்கப்பட்டிருக்க வேண்டும். இணைப்பைக் கழற்றிவிடுவதே நல்லது. அபாயப் பொருள் உறுதிமொழிப் படிவத்தை அதற்கான பயிற்சி பெற்றவரிடம் தயாரிக்கச் சொல்லுங்கள். பக்கப்பெட்டிக்குள் செயின் ஸ்பிரே, அடுப்பு எரிவாயுக் குப்பி, உபரி பெட்ரோல் எதையும் விட்டுவைக்காதீர்கள். அவை தனித்தனி அபாயப் பொருள்களாதலால், ஊடுகதிர்ச் சோதனையில் தெரிந்தால் முழுச் சரக்கும் நிறுத்தப்படும்.

கார்னே வைத்திருப்பவன்:
மற்றவற்றைவிட எனக்குக் கவலை தருவது கார்னேயில் பெற வேண்டிய சுங்க முத்திரைதான். போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகிய ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். ஆகவே போட்ஸ்வானாவுக்குள் நுழைந்தபோது பெற்ற நுழைவு முத்திரைக்கு ஈடான வெளியேற்ற முத்திரையைத் தென்னாப்பிரிக்கச் சுங்கத்துறையிடம் பெற வேண்டும். பெட்டியை ஆணி அடித்து மூடுவதற்கு முன்பே அதிகாரியை அழைத்து, சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் சரிபார்க்கச் செய்து, கார்னே ஏட்டில் முத்திரையும் கையொப்பமும் வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால், வண்டி அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்கும் உரிமை அந்நாட்டுக்கு உண்டு. நீங்கள் கட்டிய பிணைத்தொகையும் சிக்கிக்கொள்ளும்.

சென்னையில், இந்தியாவிலிருந்து சென்று திரும்பும் பொருளுக்கு சுங்க அறிவிக்கை வழியாக வரிவிலக்கு உண்டு. ஆனால் அது தானாகக் கிடைத்துவிடாது. சுங்க முகவர் வழியாக நுழைவுப் பட்டியல் (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) தாக்கல் செய்து, அசல் ஆர்.சி., பாஸ்போர்ட், புறப்பட்டபோது பெற்ற ஏற்றுமதி முத்திரை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் வாங்கிப் பொருத்திய விலையுயர்ந்த உதிரிகளுக்கு ரசீது வைத்திருங்கள். அவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

நெடுவழியன்:
மிக்க நன்றி. விமானச் சரக்குச் சீட்டில் பெறுநராக முகவர் பெயரை எழுதலாமா?

கார்னே வைத்திருப்பவன்:
வேண்டாம். கார்னேயிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள உங்கள் பெயரே எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். முகவருக்கு அதிகாரக் கடிதம் போதும். வண்டி வந்து சேர்வதற்கு முன் நீங்கள் சென்னைக்கு வந்துவிடுங்கள், இலவசக் காலம் கடந்தால் கிடங்கு வாடகை எடைக்கேற்ப நாள்தோறும் ஏறும்.