பிக்கப் டெயில்கேட் எவ்வளவு தாங்கும்? பட்டவர்கள் சொல்லுங்கள்

கிளட்ச் லீவர்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். போன மாதம் ஒரு பழைய பைக்கைப் பிக்கப்பில் ஏற்றினேன். பைக் 170 கிலோ. டெயில்கேட்டை, அதாவது கீழே மடங்கித் திறக்கும் பின்கதவைத் திறந்து, அதன் விளிம்பில் பலகையைச் சாய்த்து, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளியபடி நானும் கூடவே ஏறினேன். முன்சக்கரம் உள்ளே போய்விட்டது. பின்சக்கரம் பலகையைத் தாண்டி டெயில்கேட் மேல் 'டொக்' என்று இறங்கியது, அவ்வளவுதான். திறந்த கதவை இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் கம்பிக் கேபிள்களில் இடப்பக்கத்தது பட்டாசு மாதிரி சத்தத்தோடு அறுந்தது. கதவு ஒரு பக்கமாகத் தொங்க, பைக் என் மேல் சாய ஆரம்பித்தது. விட்டுவிட்டுக் குதித்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். பைக்குக்கு கிளட்ச் லீவர் போச்சு, எனக்குக் கணுக்கால் சுளுக்கு.

170 கிலோதானே, தாங்கும் என்று நினைத்திருந்தேன். கூடவே ஏறிய என் 75 கிலோவை நான் எண்ணவே இல்லை.

வீட்டுக்கு வந்து அறுந்த கேபிளின் உறையை பிளேடால் கீறிப் பார்த்தேன். வெளியே கறுப்பு பிளாஸ்டிக் புதுசு போல இருந்தது. உள்ளே கம்பி இழைகள் செம்பழுப்புத் தூளாகக் கையில் உதிர்ந்தன. நாலைந்து இழைகளின் முனை மட்டும் பளபளவென்று இருந்தது. இத்தனை நாள் வேலை பார்த்தது அந்த நாலைந்துதான் போல.

ஒர்க்‌ஷாப்காரன்

உறை போட்ட கேபிளில் இது அடிக்கடி நடப்பதுதான். தண்ணீர் உள்ளே இறங்கினால் காய வழியில்லை. 2004-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இதே காரணத்துக்காகப் பல லட்சம் பிக்கப்களைத் திரும்ப அழைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேபிள் மாற்றிக் கொடுத்தது. கேபிளை விரலால் உருட்டிப் பாருங்கள். உறைக்குள் நரநரவென்றால், அல்லது ஒரு இடத்தில் உப்பியிருந்தால், மாற்றிவிடுங்கள். அதன் முனையில் சாவித்துளை வடிவத்தில் ஒரு கொக்கி இருக்கும், பக்கவாட்டு போல்ட்டில் மாட்டுவது. அதன் ஸ்பிரிங் தகடு நெளிந்திருந்தாலும் ஆபத்துதான்.

"எத்தனை கிலோ" என்று கேட்டுக் கடைக்கு வருபவர்களுக்கு நான் ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன். கீலிலிருந்து விளிம்பு வரை 55 செ.மீ. என்று வையுங்கள். கேபிள் கீலிலிருந்து 40 செ.மீ. தூரத்தில், 45 டிகிரி சாய்வில் பிடித்திருக்கிறது. விளிம்பின் நட்ட நடுவில் 200 கிலோ வைத்தால் ஒரு கேபிளுக்கு எவ்வளவு வரும்? எல்லோரும் 100 என்பார்கள். வருவது ஏறக்குறைய 195. அதே எடையை ஒரு மூலைக்குத் தள்ளினால், அந்தப் பக்கக் கேபிள் ஒன்றே 390 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். கீலுக்குப் பக்கத்தில், 15 செ.மீ.-யில் நடுவாக வைத்தால் கேபிளுக்கு 53 கிலோதான். வண்டி அதே, சுமை அதே.

இதெல்லாம் அசையாத சுமைக்கு. உயரத்திலிருந்து போடவே வேண்டாம், மெல்லத் தொட வைத்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாலே அந்தக் கணத்தில் விசை இரண்டு மடங்காகும். உங்கள் 'டொக்' அதுதான்.

மரவேலை

எனக்குக் கேபிள் அறவில்லை, தகடு போனது. திறந்த டெயில்கேட்டைத்தான் வேலை மேசையாக வைத்திருந்தேன். நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் சரக்கு ஏற்றும் பின் தொட்டியில் நின்றிருந்த நண்பர் டெயில்கேட் நடுவில் குதித்தார். குதிகால் பட்ட இடத்தில் தட்டு மாதிரி ஒரு குழி. உள்பக்கத் தகடு அவ்வளவு மெல்லிசு. அன்றிலிருந்து பூட்டும்போது ஒரு பக்கம் பிடிக்கிறது, மறுபக்கம் இழுத்து அடைக்க வேண்டியிருக்கிறது. நண்பர் இன்னமும் "முன்னாடியே அப்படித்தான் இருந்தது" என்கிறார்.

பழைய லோடுவண்டி

பத்து வருடமாக டெயில்கேட் வழியாகத்தான் 300 கிலோ, 350 கிலோ எல்லாம் ஏற்றுகிறேன். ஒன்றும் ஆனதில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்காரன்

அண்ணே, பத்து வருடம் என்பதால்தான் சொல்கிறேன். இன்றைக்கு அந்தக் கேபிளை ஒரு தடவை உருட்டிப் பாருங்கள்.

நீளக்குழாய்

நான் நிறுத்தி வைத்த வண்டியில் மாட்டவில்லை, ஓட்டும்போதுதான் மாட்டினேன். நீளமான இரும்புக் குழாய்கள், டெயில்கேட்டைத் திறந்துபோட்டு அதன் மேல் நீட்டிக் கட்டியிருந்தேன். மொத்தமே 120 கிலோ இருக்கும். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் குழாயின் வால் எகிறி, எகிறி விளிம்பில் அடித்தது. கண்ணாடியில் கதவு துடிப்பது தெரிந்தது. போதாக்குறைக்கு எடை பின் அச்சுக்கு வெளியே இருந்ததால் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது, முன்பக்கம் தரையில் நிற்காத மாதிரி. பாதி வழியில் நிறுத்தி, பாதியை இறக்கி, இரண்டு நடையாகக் கொண்டுபோனேன். டெயில்கேட் திறந்த நிலையில் ஓட்டுவதற்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நிற்கும்போது தாங்குகிற எடையை ஓட்டத்தில் எதிர்பார்க்க முடியாது.

கழற்றுபவன்

கனமான சாமான் என்றால் நான் டெயில்கேட்டையே கழற்றி வைத்துவிடுவேன். பெரும்பாலான வண்டிகளில் ஸ்பேனர்கூட வேண்டாம். இரண்டு கேபிள் கொக்கிகளையும் விடுவித்து, கதவைப் பாதி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தால் ஒரு பக்கம் கீலிலிருந்து மேலே தூக்க வரும். அப்புறம் மறுபக்கத்தை நகர்த்தி எடுத்துவிடலாம். கதவே கனம், ஆள் துணை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிவிட்டால் பலகை நேராகத் தொட்டியின் விளிம்பில் உட்காரும்.

பின் கேமரா இருக்கும் வண்டி என்றால் முதலில் வயரைப் பிரியுங்கள். நான் அதைக் கற்றுக்கொண்ட விதத்தைக் கேட்காதீர்கள்.

கைப்பிடிப்படி

ஜிஎம்சி மல்டிப்ரோ மாதிரி மடங்கும் படி உள்ள டெயில்கேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் படிக்கு அவர்கள் சொல்லும் அளவு 375 பவுண்டு, ஏறக்குறைய 170 கிலோ. ஆள் ஏறுவதற்கான அளவு அது. கையில் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

கிளட்ச் லீவர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேபிளையும் மாற்றிவிட்டேன். நன்றாக இருப்பதாக நினைத்த வலப்பக்கத்தையும் உரித்துப் பார்த்தேன், உள்ளே அதே துரு. அது எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை.

அடுத்த தடவை உஷாராக இருக்கிறேன் பேர்வழி என்று, டெயில்கேட் விளிம்புக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளை இடைவெளியே இல்லாமல் முட்டுக்கொடுத்து பைக்கை ஏற்றினேன். கேபிளுக்குப் பாரமே இல்லை, அருமையாக ஏறியது. ஆனால் பைக் உள்ளே போகப் போக வண்டியின் பின்பக்கம் அமுங்கும் என்பதை யோசிக்கவில்லை. கட்டைகள் நடுவில் சிக்கிக்கொண்டு டெயில்கேட்டை மேல்நோக்கி நெம்ப ஆரம்பித்துவிட்டன. சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. கடைசியில் பைக்கை இறக்கித்தான் கட்டைகளை எடுக்க முடிந்தது.