ஒரு கிலோ யுரேனியமும் 3,000 டன் நிலக்கரியும்: கூபெர்க்குக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

தேவி, சாட்ஸ்வொர்த்
வணக்கம். ஒரு கிலோ யுரேனியம் தரும் ஆற்றல் 3,000 டன் நிலக்கரிக்குச் சமம் என்று என் மகளின் பாடக்குறிப்பில் இருக்கிறது. அப்படியானால், கேப் டவுனை அடுத்த கூபெர்க் அணுமின் நிலையத்தில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை உலையை நிறுத்தி, டன் கணக்கில் எரிபொருளை ஏன் மாற்றுகிறார்கள்?

குமரன், கேப் டவுன்
தேவி அக்கா, அந்த எண் சரிதான். ஆனால் அது, யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம்-235 தூய நிலையில் ஒரு கிலோ முழுவதும் பிளந்தால் கிடைக்கும் ஆற்றல். கரியணு ஒன்று எரியும்போது வெளிப்படுவது சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் சிற்றலகு). யுரேனிய அணு ஒன்று பிளந்தாலோ 20 கோடி. ஆனால் இயற்கை யுரேனியத்தில் 235 வகை 0.7 விழுக்காடுதான், அதன் பங்கைக் கூட்டிச் செறிவூட்டிய பிறகும், கூபெர்க்கில் உள்ளது போன்ற அழுத்த நீர் உலைகளுக்கு 3 முதல் 5 விழுக்காடு வரைதான் இருக்கும். ஆகவே நடைமுறையில் ஒரு கிலோ எரிபொருள் யுரேனியம் ஏறத்தாழ 45 மெகாவாட்-நாள் (ஒரு மெகாவாட் வீதம் 45 நாள் வெளிப்படும் அளவு) வெப்பம் தருகிறது. அது சுமார் 140 டன் நல்ல நிலக்கரிக்கு ஈடு. அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, அதாவது ஏறக்குறைய 3,60,000 யூனிட். சுண்டுவிரல் நுனியளவே உள்ள, 7 கிராம் எடையுள்ள ஓர் எரிபொருள் வில்லையைப் பாருங்கள்: அது ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரியின் வேலையைச் செய்துவிடுகிறது. நம் நாட்டின் ம்புமலங்கா மாகாணச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி லாரிகள் ஓயாமல் ஓடுவதை அறிந்த நமக்கு, 140 டன் என்பதே வியப்புக்குப் போதுமானது.

முத்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க்
235 வகை முழுவதும் தீருமுன்பே எரிபொருளை எடுத்துவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிளவில் உண்டாகும் புதிய தனிமங்கள், அடுத்த அணுவைப் பிளக்க வேண்டிய நியூட்ரான்களை விழுங்குவதால் தொடர்வினை தளர்கிறது. வில்லைகளை மூடியிருக்கும் சிர்கோனியக் குழாய்களும் காலப்போக்கில் நலிகின்றன.

தேவி, சாட்ஸ்வொர்த்
மிக்க நன்றி, தம்பி. அப்படியென்றால் எரிபொருளில் மீதியிருக்கும், எளிதில் பிளக்காத யுரேனியம்-238 வகை வீண்தானா?

குமரன், கேப் டவுன்
முழுவதும் வீணில்லை, அக்கா. அதில் ஒரு பகுதி நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியமாகி, உலைக்குள்ளேயே பிளந்து, மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை தருகிறது. ஆயினும் வெளியே எடுக்கப்படும் எரிபொருளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் யுரேனியமாகவே எஞ்சியிருக்கிறது. பிரான்சில் அதை மறுசெயலாக்கம் செய்து, பயன்படும் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். இங்கோ கூபெர்க் வளாகத்திலேயே நீர்த்தொட்டிகளிலும் கலன்களிலும் சேமித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு ஆற்றலை உள்ளடக்கிய பொருளை வெறும் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.