தார் எஸ் சலாமில் கல்யாண அட்டைக்கு எவ்வளவு கொடுப்பது?

திருப்பூரான்:

எல்லாருக்கும் வணக்கம். தான்சானியாவில் தார் எஸ் சலாமுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு துணி ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை, உபாங்காவில் வீடு. மனைவியும் நான்கு வயது மகளும் போன மாதம்தான் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்னாலேயே வாங்கிக்கொண்டார். தரகருக்கு ஒரு மாத வாடகை தனி. கை காய்ந்து கிடக்கிறது, அதனால்தான் இந்தக் கேள்வி.

இரண்டு மாதத்தில் மூன்று அட்டை வந்துவிட்டது. முதலாவது எங்கள் ஸ்டோர் கீப்பருடையது. மேலே பேனாவால் என் பெயரை எழுதி, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து, வாழ்த்துச் சொல்லி மேசை டிராயரில் போட்டுவிட்டேன். மறுநாள் எடுத்துப் படித்தால் கீழே 'சிங்கிள் 50,000, டபுள் 1,00,000' என்று போட்டு, கைபேசியில் பணம் அனுப்ப ஒரு எம்-பெசா எண்ணும் இருக்கிறது. கல்யாணமோ இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான்! நம் பணத்தில் 50,000 ஷில்லிங் என்பது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது.

என்னைக் கேட்காமலே வாட்ஸ்ஆப் குழுவிலும் சேர்த்துவிட்டார்கள். தினமும் காலையில் பட்டியல் வருகிறது. யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், எவ்வளவு கட்டினார்கள், பாக்கி என்ன என்று. என் பெயருக்கு எதிரே வெறும் கோடு. மற்ற இரண்டு அட்டைகளும் ஒரே பெண்ணுக்கு. ஒன்று 'கிச்சன் பார்ட்டி', அது என் மனைவிக்காம். இன்னொன்று 'செண்ட் ஆஃப்', பெண்ணை வழியனுப்பும் விருந்தாம்.

இது கட்டாயமா? இல்லை, இந்தியன் என்பதால் என்னிடம் மட்டும் கேட்கிறார்களா?

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். டாலாடாலா மினிபஸ் நடத்துனரில் ஆரம்பித்து வாசல் காவலாளி வரை எல்லாரும் என்னைக் 'காக்கா' என்கிறார்கள். என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

பேராவூரணியார்:

தம்பி, முதலில் காக்கா. ஸ்வாஹிலியில் காக்கா என்றால் அண்ணன். 'டாடா' என்றால் அக்கா. 'மாமா' என்றால் அம்மா. உங்கள் மனைவியை இனி மகள் பெயரைச் சேர்த்து 'மாமா இன்னார்' என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைக்கு இன்னும் சிரிப்பு காத்திருக்கிறது.

சரி, அட்டைக்கு வருவோம். இதற்குப் பெயர் மிச்சாங்கோ, அதாவது பங்களிப்பு. காதில் மிச்சம் என்று விழும். மிச்சம் எதுவும் இருக்காது.

நான் மொய்க்குப் பேர்போன ஊர்க்காரன். ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் மொய் விருந்து, கறிச்சோறு, வரிசையாக நோட்டுப் போட்டு எழுதுவார்கள். அப்படிப்பட்ட நானே 2013-ல் இங்கே வந்த புதிதில் 'என்னடா இது, அச்சடித்துப் பிச்சை கேட்கிறார்கள்' என்று நினைத்தேன். நாம் கல்யாணத்தை நடத்திவிட்டு மொய் வாங்குகிறோம். இவர்கள் மொய்யை முதலில் வாங்கி, அந்தப் பணத்தில்தான் கல்யாணத்தையே நடத்துகிறார்கள். மண்டபம், சாப்பாடு, பீர், சோடா எல்லாம் அதில்தான்.

இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே கமாட்டி போட்டுவிடுவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. வாரம் ஒருநாள் மாலை ஏதாவது ஒரு பாரில் கூட்டம். எங்கள் பட்டறை டிரைவர் ஒருவருடைய கல்யாணத்துக்கு 'முஹிண்டி (இந்தியன்) கணக்கில் கெட்டி' என்று என்னையும் பொருளாளர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஊர்வலத்துக்கு வண்டிமேல் உட்கார்ந்து வாசிக்கும் பேண்டு வேண்டுமா வேண்டாமா என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் பேண்டு ஜெயித்தது, மண்டபத்தில் நாற்காலிக்குப் போடும் துணி தோற்றது. பேச்சு முழுக்க 'லாக்கி மோஜா, லாக்கி ம்பிலி' என்று ஓடும். லாக்கி என்பது நம் லட்சமேதான், இந்திய வணிகர்கள் வாயிலிருந்து போன சொல். பெசாவும் நம் பைசாதான்.

கட்டாயமா என்றால், இல்லை. அட்டையில் உள்ள தொகையைக் கட்டினால்தான் பெரும்பாலும் கல்யாண அழைப்பு வரும். சிங்கிள் ஒரு ஆளுக்கு, டபுள் தம்பதிக்கு. இருபதாயிரம்தான் முடியும் என்றால் அதைச் சொல்லிக் கட்டிவிடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஐம்பது என்று சொல்லிவிட்டு இழுத்தடித்தால்தான் பெயர் கெடும். உடனே முடியாது என்றால் 'ஹபானா' (இல்லை) என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லாதீர்கள். 'பாடோ' என்று சொல்லுங்கள். இன்னும் இல்லை என்று அர்த்தம். அறுபது வயது பிரம்மச்சாரியைக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாலும் பாடோதான்.

கல்யாணத்தைக்கூட விடலாம், சாவு வீட்டை மட்டும் விடாதீர்கள். அதை ம்சீபா என்பார்கள். 2019-ல் ஊரில் அப்பா தவறிவிட்டார். எனக்கு மறுநாள் மாலைதான் விமானம். இங்கே மகொமேனி பகுதியில் ஒற்றை ஆளாக இருந்தேன். ஏழு மணி இருக்கும், 'ஹோடி' என்று வாசலில் குரல். கதவைத் திறந்தால் பட்டறை ஆட்கள் இருபது பேர். பெண்கள் இடுப்பில் காங்கா துணியைக் கட்டிக்கொண்டு வந்து, எனக்குப் பாய் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல், கொண்டுவந்த பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்கள். 'போலே சானா' (ரொம்ப வருத்தம்) என்பதைத் தவிர யாரும் அதிகம் பேசவில்லை. ஒருவர் என் அடுப்பில் தேநீர் வைத்தார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, அவர் கண்டுபிடித்துவிட்டார்.

கிளம்பும்போது ஒரு உறையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் கொடுத்தார்கள். இதற்கு ராம்பிராம்பி என்று பெயர். நோட்டில் பேரும் தொகையும் வரிசையாக எழுதியிருந்தது. நம் மொய் நோட்டேதான், மஞ்சள் மட்டும் தடவவில்லை. கடைசி வரியில் பட்டறை பெருக்கும் அம்மா, 2,000 ஷில்லிங். அந்த அம்மா வீட்டில் அதற்கு முந்தைய வருஷம் ஒரு சாவு. நான் போகவில்லை.

அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஐம்பதாயிரத்தைக் கட்டுங்கள் தம்பி.

ஏரிக்கரை_டீச்சர்:

பேராவூரணி அண்ணா சொன்னது உண்மை. ஆனால் ரொம்ப இனிப்புத் தடவிவிட்டார். நான் ம்வான்ஸா நகரில் எட்டு வருடமாகப் பள்ளி ஆசிரியை. என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர் ஆசிரியைகளே இதில் நொந்துபோய்க் கிடக்கிறார்கள். கிச்சன் பார்ட்டி, செண்ட் ஆஃப், கல்யாணம் என்று ஒரு பெண்ணுக்கு மூன்று தடவை. போதாததற்கு எல்லாரும் ஒரே நிறத்தில் துணி எடுத்துத் தைக்க வேண்டும். தோழிகள் சேர்ந்து போடும் சீட்டுப் பணத்தை, உபாட்டு என்பார்கள், அப்படியே கொண்டுபோய் இதில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஆறாதது வேறொன்று. எங்கள் ஆசிரியர் குழுவில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று வாரத்தில் பணம் குவிந்தது. அதே மாதம் ஒருவர் தன் பையன் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு எழுதினார். கைகூப்புகிற படமாக வந்து விழுந்தது. பணம் கட்டியது ஆறு பேர். இதை நான் வெளியாளாக நின்று சொல்லவில்லை. ஓய்வறையில் அவர்களே பேசிக்கொள்வதுதான்.

இந்தியன் என்பதால் கேட்கிறார்களா என்றால், எல்லாரிடமும்தான் கேட்கிறார்கள். ஆனால் உங்களிடம் எதிர்பார்ப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். 1971-ல் அதிபர் நைரேரேயின் அரசு வாடகைக் கட்டடங்களை நாட்டுடைமையாக்கியதும் இந்திய வம்சாவளியினர் பலர் நாட்டைவிட்டே போனார்கள். இருந்தும் முஹிண்டி என்றால் முதலாளி என்கிற எண்ணம் போகவில்லை. அதற்கு நம் ஆட்களும் காரணம். பத்து வருடம் இருந்தும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பெயர் தெரியாதவர்கள் உண்டு.

பணத்தைவிட வாய்தான் இங்கே முக்கியம், தம்பி. வயதில் பெரியவர் பெருக்குகிறவராக இருந்தாலும் நீங்கள்தான் முதலில் 'ஷிகாமூ' என்று வணக்கம் சொல்ல வேண்டும். அவர் 'மரஹாபா' என்பார். கடையில் 'நட்டாக்கா' என்று கேட்காதீர்கள். நம் 'வேணும்'தான் அது, ஆனால் இங்கே அதட்டல்போலக் கேட்கும். நான் ஒரு வருடம் அப்படியே தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன். 'நவோம்பா' (தயவுசெய்து கொடுங்கள்) என்று கேட்கத் தொடங்கிய பிறகு ஒன்றிரண்டு கூடவே விழுகிறது.

பாஜாஜி_பயணி:

கட்டுவதா வேண்டாமா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். போவதாக இருந்தால் நேரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அட்டையில் 12 மணி ஜியோனி என்று போட்டிருந்தால் அது மாலை ஆறு மணி. இவர்கள் நம் பழைய நாழிகைக் கணக்குபோல விடிந்ததிலிருந்து எண்ணுகிறவர்கள். காலை ஏழுதான் ஒரு மணி. நான் என் முதல் கல்யாணத்துக்கு, அதாவது முதலில் போன கல்யாணத்துக்கு, பகல் பன்னிரண்டுக்குப் போய் நின்றேன். மண்டபத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு என்று தெரிந்து ஆறுக்குப் போனாலும் தப்பு. எட்டுக்குப் போங்கள். சாப்பாடு வர எப்படியும் பத்து தாண்டும். குழந்தைக்கு வீட்டிலேயே ஊட்டிவிடுங்கள். மணமக்கள் சாகா இனத்தவராக இருந்தால் முழு ஆட்டை வாட்டி அலங்கரித்துக் கேக் மாதிரி வெட்டுவார்கள். சைவமாக இருந்தால் பின்வரிசையில் உட்காருவது நல்லது.

திருப்பூரான்:

அண்ணே, டீச்சர் அக்கா, எல்லாருக்கும் நன்றி. சிங்கிள் 50,000 கட்டிவிட்டேன். செண்ட் ஆஃபுக்கு இருபதாயிரம் சொல்லியிருக்கிறேன், சம்பளம் வந்ததும். அலுவலகத்தில் தேநீர் போடும் பெரியவருக்கு ஷிகாமூ சொன்னேன். சிரித்துக்கொண்டே மரஹாபா சொன்னவர், என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வீடு, பிள்ளை, மனைவி, வேலை என்று வரிசையாக விசாரித்துவிட்டுத்தான் விட்டார்.

கிச்சன் பார்ட்டிக்கு மனைவி நேற்றுப் போய்வந்தாள். சமையல் சாமான்தான் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு குழிப்பணியாரச் சட்டியில் ஒன்றைத் தயங்கித் தயங்கி எடுத்துப் போனாள். மேடையில் ஒவ்வொருவரும் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து இது எதற்கு என்று பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். இவளுக்கு ஸ்வாஹிலியில் நாலு வார்த்தைதான் தெரியும். சட்டியைத் தூக்கியதும் கூட்டம் மொத்தமும் 'விட்டும்புவா! விட்டும்புவா!' என்று கத்தியிருக்கிறது. அரிசியும் தேங்காய்ப்பாலும் அரைத்து இதே மாதிரிக் குழியில் ஊற்றி எடுப்பார்களாம். பெண்ணின் அத்தை எழுந்துவந்து, சட்டியை வாங்கிக்கொண்டு இவளையும் சேர்த்து ஆட வைத்துவிட்டாராம்.

பட்டியலில் என் பெயருக்கு எதிரே டிக் விழுந்துவிட்டது. இன்று காலையில் நான்காவது அட்டை வந்திருக்கிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம். ஆறு மாத வாடகையை முன்னாலேயே வாங்கியவரிடம் பாடோ சொல்லலாமா, அண்ணே?