நேபிள்ஸ் பீட்சா: நடுவில் ஈரம் யார் குற்றம்?

விறகடுப்பு:
நம் மன்றத்தின் பயணப் பகுதியில் ஒருவர் குமுறியிருக்கிறார். இத்தாலியின் நேபிள்ஸில் நூறாண்டு கடந்த கடையில், தக்காளியும் மொசரெல்லா சீஸும் போட்ட மார்கரிட்டா பீட்சா வாங்கினாராம். நடுவில் சொதசொத, ஓரத்தில் கருகல், பழம்பெருமைக்குத்தான் கூட்டம் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நேபிள்ஸ் பீட்சா நடுவில் ஈரமாகத்தான் இருக்கும். அடுப்புத் தளம் சுமார் 485 டிகிரி, வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி. அதற்குள் தக்காளித் தண்ணீர் எங்கே வற்றும்? மொறுமொறுப்பு கேட்பவர் ரோமுக்குப் போகட்டும். அங்கேதான் மாவில் எண்ணெய் விட்டு, கட்டையால் தேய்த்து, அப்பளம் மாதிரி சுடுகிறார்கள்.

தாமிரச்சட்டி:
விநாடிக் கணக்கு எல்லோருக்கும் தெரியும் சார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 97/2010 ஒழுங்குமுறையில் நேபிள்ஸ் பீட்சாவுக்கு எழுதியிருப்பதையும் படியுங்கள். வெந்த பிறகு தக்காளி உபரித் தண்ணீரை இழந்து கெட்டியாக நிற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதே 485 டிகிரி, அதே 60 முதல் 90 விநாடியும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது. தட்டில் தண்ணீர் தேங்கினால் தப்பு கடையில்.

விறகடுப்பு:
அதே ஆவணம் பீட்சா மென்மையாக, வளைந்து, மடிக்க வரவேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படாது. போன மாதம் எஸ்பிரெசோ விவாதத்திலும் இப்படித்தான் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். நடுவில் ஈரமாகத்தான் இருக்கும்.

தாமிரச்சட்டி:
எஸ்பிரெசோவை எதற்கு இழுக்கிறீர்கள்? மடிப்பதற்கு மாவு மென்மையாக இருந்தால் போதும், தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். முதல் காரணம் சீஸ். எருமைப்பால் மொசரெல்லாவை உப்புநீரிலிருந்து எடுத்த கையோடு பிய்த்துப் போட்டால் அடுப்பில் அப்படியே கக்கும். கீற்றாக நறுக்கி, சல்லடைத் தட்டில் சில மணி நேரம் குளிரில் வடியவிட வேண்டும். அவசரமென்றால் பசும்பாலில் செய்த ஃபியோர் தி லாத்தே போடலாம், அது இவ்வளவு விடாது. இரண்டாவது அளவு. ஒரு மார்கரிட்டாவுக்குத் தக்காளி 60 முதல் 80 கிராம், மொசரெல்லா 80 முதல் 100 கிராம். கரண்டி நிறைய ஊற்றினால் எந்த அடுப்பும் காப்பாற்றாது.

ஈஸ்ட்ராணி:
இரண்டு பேரும் மாவை விட்டுவிட்டீர்கள். இப்போதெல்லாம் மாவின் எடையில் 70 சதவீதம் தண்ணீர் விட்டுத்தான் பிசைகிறார்கள். ஈரம் அங்கிருந்துதான்.

விறகடுப்பு:
அது வீட்டு அடுப்புக்காரர்கள் கிளப்பிவிட்ட மோகம் அம்மா. ஒழுங்குமுறையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.8 கிலோ மாவு. கணக்குப் போட்டால் 60 சதவீதம்கூட வராது. உப்பு 50 முதல் 55 கிராம், ஈஸ்ட் 3 கிராம். வீட்டில் 250 டிகிரியில் ஆறேழு நிமிடம் காய்கிறது, அதனால் அங்கே தண்ணீர் கூட்டுகிறார்கள். பழைய கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஈஸ்ட்ராணி:
"அம்மா" என்று சொல்லி அடக்க வேண்டாம். அந்த விதி 2010-இல் எழுதியது. இன்றைக்குப் புதிய பாணிக் கடைகள் நேபிள்ஸிலேயே தண்ணீரைக் கூட்டி, ஓரத்தை ஊதவிட்டுச் சுடுகின்றன.

விறகடுப்பு:
பேச்சு நூறாண்டு கடந்த கடையைப் பற்றி. புதிய பாணிக்குத் தனியாகத் திரி திறந்துகொள்ளுங்கள்.

தாமிரச்சட்டி:
திரும்பவும் ஈரத்துக்கு வாருங்கள். கூட்ட நேரத்தில் அடுப்புத் தளத்தின் சூடு இறங்கிப்போகும். ஒரு பீட்சா எடுத்த இடத்திலேயே அடுத்த பச்சை மாவை வைத்தால் அடி வெளுத்து நிற்கும், மேலே கூரை அனலில் ஓரம் மட்டும் கருகும். புகார்க்காரர் சொன்னது அச்சு அசல் இதுதான். தளம் மறுபடி சூடேற விடாமல் வரிசையைத் தள்ளிவிடும் கடையில் இது தினமும் நடக்கும். சோதிப்பது சுலபம். ஓரத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள், புள்ளி புள்ளியாகப் பழுப்பு இருக்க வேண்டும். பிறகு நடுவில் சாஸை வழித்துவிட்டுப் பாருங்கள். கீழே வெள்ளைப் பசையாக வந்தால் அது வேகாத மாவு.

விறகடுப்பு:
புகார்க்காரர் அடியைப் பார்த்ததாக எங்கேயாவது எழுதினாரா? நடுவில் ஈரம் என்றார், அவ்வளவுதான். கத்தி முள்கரண்டியோடு கால் மணி நேரம் படம் எடுத்துவிட்டுச் சாப்பிட்டால் எந்த பீட்சாவும் நமுத்துத்தான் போகும். சூட்டில் வரும் ஆவி பீங்கான் தட்டில் பட்டு அடியில் வியர்க்கும். வந்தவுடன் நான்காக மடித்துச் சாப்பிடுவதற்காகச் செய்த பண்டம் அது.

பாதசாரி77:
அவர் படம் எடுத்தார் என்று மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்? நேபிள்ஸ் கடைகளிலும் உட்கார்ந்து கத்தியால் வெட்டித்தான் பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள். மடித்துத் தின்பது தெருவில் காகிதத்தில் சுற்றித் தரும் சிறிய பீட்சா.

விறகடுப்பு:
பெரியதையும் மடிக்கலாம். நடுக் கனம் 0.4 சென்டிமீட்டர்தான். நேபிள்ஸ் பீட்சாக்காரர்களின் கலையை 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு நாள் வந்து போனவர் அதற்குப் பாடம் எடுக்கிறார்!

தாமிரச்சட்டி:
யுனெஸ்கோ சேர்த்தது அந்தக் கைத்திறனை. எந்தக் கடையின் மதிய வேளைப் பீட்சாவுக்கும் அது சான்றிதழ் கிடையாது. சீஸை வடித்தார்களா இல்லையா? அதற்குப் பதில் வரவேயில்லை.

விறகடுப்பு:
வடித்தாலும் ஈரமாகத்தான் இருக்கும். விறகு அடுப்பின் அருமை தெரியாதவரிடம் என்ன பேசுவது?

ஈஸ்ட்ராணி:
விறகு மட்டும்தானா? 1984-இல் தொடங்கிய அசல் நேபிள்ஸ் பீட்சா சங்கமே மின்சார அடுப்பையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

விறகடுப்பு:
சங்கம் எதை வேண்டுமானாலும் ஏற்கட்டும். 97/2010 விறகு அடுப்பு மட்டும் என்கிறது.

தாமிரச்சட்டி:
இப்போது மட்டும் 97/2010 வேதம். தக்காளி கெட்டியாக நிற்க வேண்டும் என்ற வரிக்கு மட்டும் கண் மூடிக்கொள்கிறது.

விறகடுப்பு:
கெட்டி என்றால் காய்ந்தது என்று எவன் சொன்னான்? 90 விநாடியில் காயாது. நாளைக்குக் கணக்கோடு வருகிறேன்.