மறுமொழி: ‘அரிமானத் தடை’ என்ற ஒரே சொல் போதாது

அன்பு நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் ‘கரோஷன் ரெசிஸ்டன்ஸ்’ (உலோகம் துருப்பிடித்தோ வேதிவினையாலோ தேயாமல் தாங்கும் தன்மை) என்பதற்கு ‘அரிமானத் தடை’ இருக்கும்போது புதிதாக எதற்குச் சொல், அரிமானத்தை வகைவகையாகப் பிரித்துப் பெயரிடவும் வேண்டாமே என்று ஐயா முந்தைய மடலில் கேட்டிருந்தார். அரிமானம் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. அதை அசைக்க வேண்டியதில்லை. ‘தடை’தான் உறுத்துகிறது. தடை என்றால் அரிமானமே நடக்காது என்று பொருள்படுகிறது. அப்படி ஓர் எஃகு எங்கும் இல்லை. எந்த எஃகு, எந்த நீர்மத்தில், எந்த வெப்பநிலையில் என்று கேட்காமல் இதைப் பேசவே முடியாது.

கந்தக அமிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 98 விழுக்காட்டு அமிலத்தைச் சாதாரணக் கார்பன் எஃகுத் தொட்டியில் சேமிக்கிறார்கள்; உட்சுவரில் படியும் இரும்பு சல்பேட்டுப் படலம் அதைக் காக்கிறது. அதே அமிலத்தில் நீர் கலந்து நீர்த்துப் போனால் தொட்டியைத் தின்றுவிடும். ஆகவே ‘அரிமானத் தாங்குதிறன்’ என்கிறேன். கூடுதல், குறைவு என்ற அளவுப் பொருள் அதில் தானாக வந்துவிடுகிறது.

இனி, அரிமானத்தை வகை பிரிக்க வேண்டாம் என்பதற்கு வருகிறேன். கடல்நீரில் மூழ்கிய கார்பன் எஃகு ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். பெரும்பாலும் பரவலாகத் தேய்வதால் பொறியாளர் கணக்குப் போட்டுத் தகட்டைச் சற்றுத் தடிப்பாகவே வாங்கிவிடுவார். 304 வகை எவர்சில்வரின் கதை வேறு. எடை பார்த்தால் இழப்பே தெரியாது. ஆனால் குளோரைடு ஓரிடத்தில் மேற்படலத்தைத் துளைத்ததும் அங்கே மட்டும் ஊசிக்குழி ஆழமாக இறங்கிக் குழாய் ஓட்டையாகிவிடும். எடையிழப்பை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் விடை தவறாகவே வரும். இதற்குத்தான் ‘பிட்டிங்’ என்று தனிப்பெயர்.

சிலர் ‘குழியரிப்பு’ என்றார்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணரிப்பு, கடலரிப்பு என்று ‘எரோஷனுக்கு’ அரிப்பைக் கொடுத்துவிட்டோம். பம்பின் சுழல்தகட்டில் எரோஷனும் அரிமானமும் சேர்ந்தே நடக்கும். அங்கே குழப்பம் வரும். (தோல் மருத்துவரின் அரிப்பு வேறு இருக்கிறது!) நீளமானாலும் ‘குழியரிமானம்’ என்பதே என் தேர்வு. கேஸ்கெட்டுக்கும் போல்ட்டுக்கும் அடியில் நடப்பது இடுக்கரிமானம். இழுவிசையும் சூடான குளோரைடும் சேர்ந்து பிளப்பது தகைவரிமான விரிசல்.

குழியரிமானத்தைத் தாங்குவதில் எஃகுகளை ஒப்பிடத் தொழிலில் ஒரு எண் வைத்திருக்கிறார்கள்: குரோமிய விழுக்காடு, அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு. கூட்டினால் எவர்சில்வர் வகைகளில் 304-க்கு ஏறத்தாழ 19, 316-க்கு 24, 2205-க்கு 35. ஓடும் கடல்நீருக்கு 40-க்கு மேல் கேட்பது கடலடி எண்ணெய்த் தொழிலின் வழக்கம். இதைக் ‘குழியரிமானத் தாங்கெண்’ எனலாம். தகைவரிமான விரிசலுக்கு இந்த எண் பேசாது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

‘பாசிவ் ஃபிலிம்’ என்பதைச் ‘செயலற்ற படலம்’ என்று பட்டியலில் போட்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சில நானோமீட்டர் தடிப்புள்ள அந்தக் குரோமிய ஆக்சைடுப் படலம்தான் வேலை முழுவதையும் செய்கிறது. கீறல் விழுந்தால் ஆக்சிஜனைப் பிடித்துத் தானே மூடிக்கொள்கிறது. அதற்கா இந்தப் பெயர்? ‘காப்புப் பூச்சு’ பெயின்டுக்கு வேண்டும் என்பதால், இதற்குத் ‘தற்காப்புப் படலம்’.

2205 போன்ற ‘டூப்ளெக்ஸ்’ எஃகில் ஃபெர்ரைட், ஆஸ்டனைட் என்ற இரண்டு படிக அமைப்புகளும் ஏறக்குறையப் பாதிப்பாதி. ‘இரட்டை எஃகு’ என்றால் இரண்டு தகடுகளை ஒட்டியது போல இருக்கிறது. ‘ஈரமைப்பு எஃகு’ சரிவருமா? உலோகவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.