எம்.பி.டி. குழுவில் ஒருவர் கொதித்துப்போனால் அந்த நிமிடம் என்ன செய்வது?

சாட்ஸ்வொர்த்_தொண்டர்:
வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உளவியலாளர் ஒருவர் நடத்தும் எம்.பி.டி. (மனமறிதல் சிகிச்சை: தன் மனதிலும் பிறர் மனதிலும் என்ன நடக்கிறது என்று யோசிக்கப் பழக்குவது) குழுவில் துணையாளராகச் சேரப்போகிறேன். கோட்பாடு படித்தாயிற்று. "அம்மா தட்டை டொக்கென்று வைத்தார், நான் அவருக்குப் பாரம்" என்று ஒரு பெண் அழுதால், "அம்மாவுக்கு வேலைக் களைப்பாக இருந்திருக்கும்" என்று சொல்லலாமா?

டர்பன்_உளநலம்:
சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு மனதில் தோன்றியதே நடந்த உண்மை. வேறு விளக்கம் கொடுத்தால் "இவரும் அம்மா பக்கம்" என்றுதான் காதில் விழும். அதோடு, அந்தச் சமையலறையில் இல்லாத நீங்கள் அம்மாவின் மனதைத் தெரிந்தவர்போலப் பேசுகிறீர்கள். எதை விடச் சொல்லிக்கொடுக்க வந்தோமோ அதையே நாம் செய்கிறோம்.

முதலில் சூடு இறங்க வேண்டும். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது யாராலும் பிறர் மனதை யோசிக்க முடியாது. "அந்தச் சத்தம் கேட்டதும் ரொம்ப வலித்ததா?" என்று ஒரே ஒரு சிறு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். குரல் தணிந்த பிறகு காட்சியைப் பின்னுக்கு ஓட்டுங்கள்: தட்டு வருவதற்கு முன் என்ன பேச்சு நடந்தது? சத்தம் கேட்டதும் முதலில் வந்தது பயமா, கோபமா? "பாரம்" என்ற நினைப்பு எந்த இடத்தில் நுழைந்தது? அம்மாவின் மனம் என்னவாக இருந்திருக்கும் என்ற கேள்வி கடைசியில்தான். அதற்கும் பதிலை அவரே தேடட்டும்.

"ஏன்" என்று கேட்பதைக் குறையுங்கள். "ஏன்" கேட்டால் விளக்கவுரை வரும், உணர்வு வராது.

பீனிக்ஸ்_அக்கா:
மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். அழுபவரைவிட எனக்குக் கவலை தருபவர், அழகாகப் பேசுபவர். "என் குழந்தைப் பருவப் பிணைப்புச் சிக்கல்…" என்று இருபது நிமிடம் பேசுவார், முகத்தில் அசைவே இருக்காது. புதிய நடத்துநர்கள் இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். குறுக்கிடுங்கள்: "இப்போது, இதைச் சொல்லும்போது, உள்ளே என்ன இருக்கிறது?" அழுபவர், அழகாகப் பேசுபவர் போக மூன்றாவது வகை, செயலைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புபவர். வாட்ஸாப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையா, அன்பே இல்லை என்று முடிவு.

நம் குடும்பங்களுக்கான ஒன்று: "மனசு சரியில்லை", "டென்ஷன்" இரண்டும் உணர்வின் பெயர் ஆகாது. அவற்றோடு நிற்காதீர்கள். நெஞ்சு அடைக்கிறதா, வயிறு எரிகிறதா என்று உடம்பிலிருந்து தொடங்கினால் ஆயாமார்கூடப் பேசுவார்கள். பேத்தி ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலத்திலேயே கேளுங்கள், மொழிபெயர்க்க நிறுத்தினால் உணர்வு ஓடிவிடும்.

சாட்ஸ்வொர்த்_தொண்டர்:
நன்றி அக்கா. எவ்வளவு காலம்? வாரம் ஒரு குழு மட்டும் போதுமா?

டர்பன்_உளநலம்:
இதை உருவாக்கியவர்கள் லண்டனில் பேட்மனும் ஃபோனகியும், எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்காக (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தத்தளிக்கும் மனநலச் சிக்கல்). 1999இல் வெளிவந்த அவர்களின் முதல் ஆய்வு பகல்நேர மருத்துவமனையில், 18 மாதம். 2009இல் வந்தது வெளிநோயாளிகள் 134 பேரை வைத்து: வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு அமர்வு. வழக்கமான ஏற்பாடு, முதலில் 10 முதல் 12 வார அறிமுகக் குழு, பிறகு வாரம் 50 நிமிடம் தனியாக, 75 முதல் 90 நிமிடம் குழுவாக. தனி அமர்வை வெட்டினால், குழுவில் கிளறிவிட்டதை வைத்துப் பேச இடம் இருக்காது. ஆட்கள் நின்றுவிடவும் கூடும்.

சேருமுன் இரண்டைப் பாருங்கள். நடத்துபவர் ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் (தென்னாப்பிரிக்காவில் மருத்துவர், உளவியலாளர் போன்றோரைப் பதிவு செய்யும் மன்றம்) பதிவானவரா. ஒவ்வொருவருக்கும் நெருக்கடித் திட்டம் எழுத்தில் இருக்கிறதா: தன்னைக் காயப்படுத்தத் தோன்றினால் முதலில் என்ன செய்வது, யாரை அழைப்பது, எப்போது மருத்துவமனைக்குப் போவது. அதை முதல் வாரங்களிலேயே அவரோடு உட்கார்ந்து, அவர் சொற்களிலேயே எழுதி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.